மூளையின் காவலர்

முதுமையில் அறிவு மழுங்குதல் இயற்கையே என்று கூறி அமைதல் நம்மவர் வழக்கம். பெற்ற மகனையே இன்னானென்று அறியாது மயங்கும் தந்தையைக் கண்டும், 'வயதாயிற்று' என்னும் ஒரு சொல்லால் ஆறுதல் கொள்கின்றோம். அஃது முதுமையன்று, நோயே என்பதற்கு ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் அல்ட்ஸைமர் 1906-ஆம் ஆண்டிலேயே சான்று கண்டார். அவர் ஆராய்ந்த மூளைக்குரிய பெண்மணி இறக்கும்பொழுது 55 வயதே நிரம்பியவர்.

இத்தகைய நோய்களில் மாய்ந்தொழியும் நரம்பணுக்களையே சாஸ்திரிகள் நெடுங்காலம் நோக்கி வந்தனர். அவற்றைச் சூழ்ந்துள்ள ஏனைய அணுக்களுக்குப் 'பசை' என்று பொருள்படும் பெயரிட்டு ஒதுக்கினர். ஸ்பெயின் தேசத்துப் பீயோ டெல் ரீயோ ஓர்த்தேகா என்பார் 1919-ல், வெள்ளியுப்பினால் சாயமேற்றி, அவற்றுள் மைக்ரோகிளியா என்னும் சிற்றணுக்களை வேறு பிரித்துக் காட்டினார். இவற்றை மூளையின் காவலர் எனலாம். நலமுற்ற மூளையில் இவை மெல்லிய கிளைகளை நீட்டித் துழாவிக்கொண்டிருக்கும். ஊறு நேர்ந்துழி உருமாறித் திரண்டு, அழிந்தவற்றை விழுங்கும்.

உடம்பில் முள் தைத்த இடம் சிவந்து வீங்கிச் சுடுதலை யாவரும் அறிவர். இந்நோய்களில் அத்தகைய அழற்சிக்கு மூளையினுள் இடமில்லையெனப் பலரும் கருதிய காலத்தில், கனடாவில் வான்கூவர் நகரத்துப் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில் பாட்ரிக் மக்கீர் என்பாரும் அவர்தம் மனைவியார் ஈடித் அம்மையாரும் அதனைத் தேடினர். பார்க்கின்சன் நோயாலும் அல்ட்ஸைமர் நோயாலும் இறந்தோர் மூளைகளில் காவலணுக்கள் போர்க்கோலம் பூண்டு நின்றதை 1988-ல் அவர்கள் குழுவினர் வெளியிட்டனர். (மக்கீர் 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியவர், பின்னர் மாகாணக் கல்வி மந்திரியாகவும் இருந்தவர். படிக்க நேரமில்லை என்னும் நம் மாணவர் இதனைச் சற்றே எண்ணுவாராக.)

ஆயின், தீப்பற்றிய வீட்டின்முன் நீர்க்குடத்தோடு நிற்பவனைத் தீ வைத்தவன் என்று துணியலாமோ? அழற்சி நோய்க்குக் காரணமோ, விளைவோ? இவ்வினாவுக்கு மக்கீர் குழுவினர் கீல்வாத நோயாளரிடத்தே விடை தேடினர். அழற்சி தணிக்கும் மருந்துகளை ஆண்டுக்கணக்காக உண்ணும் அவர்களிடம் அல்ட்ஸைமர் நோய் அருகியே காணப்பட்டதென 1990-ல் எழுதினர். 1996-ல் 17 ஆய்வுகளை ஒருங்கு நோக்கியும் அவ்வாறே கண்டனர்.

இந்நம்பிக்கையால் அமெரிக்காவில் 2001-ல் ஒரு பெருஞ்சோதனை தொடங்கிற்று. நோயுற்ற நெருங்கிய உறவினரையுடைய, 70 வயதும் அதற்கு மேலுமாகிய 2,500-க்கு மேற்பட்டோருக்கு நாப்ராக்ஸெனோ செலிகாக்ஸிபோ வெறும் மாத்திரையோ கொடுக்கப்பட்டது. இருதயத்துக்குக் கேடு விளையுமோ என்னும் அச்சத்தால் 2004 டிசம்பரில் மருந்து நிறுத்தப்பட்டது. காப்பு யாதும் தோன்றவில்லை.

உடனே, கொள்கையே பொய் என்று தீர்ப்புக் கூறினோர் பலர். அத்தீர்ப்பு நமக்கு உடன்பாடன்று. மறதி வெளிப்படுதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இந்நோய் மூளையில் வேரூன்றி விடுகின்றது. கீல்வாதத்தார் நடுவயது தொட்டு உண்ட மருந்தை, எழுபதைக் கடந்தோர்க்குச் சிலகாலம் கொடுத்துப் பார்த்து, இரண்டும் ஒன்றே எனல் யாங்ஙனம்? எனினும், மருந்துண்போர் வேறு பல வகையிலும் பிறரின் வேறுபட்டிருத்தல் கூடும் என்னும் தடையை நாம் எளிதாகத் தள்ளற்கில்லை.

இன்னுமொரு சிக்கலும் உண்டு. காவலணுக்களின் ஆற்றலைக் குறைக்கும் டிரெம்-2 என்னும் ஜீன் மாறுபாடு ஒன்று அல்ட்ஸைமர் நோய் வரும் அபாயத்தை ஏறக்குறைய மும்மடங்காக்கும் என 2012-ல் தெரியவந்தது. அங்ஙனமாயின் காவலர் உறங்குதலும் கேடே! அவர்களை ஊக்குதற்கென அமைத்த ஒரு மருந்தும் 2024-ல் சோதனையில் பயன்படாது போயிற்று. தணித்தலா, ஊக்குதலா என்பதன்று வினா. எப்பருவத்தில் எதனைச் செய்வது என்பதே வினா. இது தெளியுமுன், மூளையைக் காக்கும் என்றெண்ணி வலிமாத்திரைகளை நாள்தோறும் விழுங்குதல் வயிற்றில் இரத்தக் கசிவுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் வழியாகும்.

வேண்டுவது, ஐம்பது வயதினரிடம் தொடங்கிப் பத்தாண்டுக்குக் குறையாது நடத்தும் சோதனை. நாப்ராக்ஸென் போன்ற பழைய மருந்துகளுக்குத் தனியுரிமை கழிந்துவிட்டமையின், எந்தக் கம்பெனியும் அதற்குப் பணம் இறைக்கப்போவதில்லை. அரசாங்கங்களே அதனை ஏற்றல் வேண்டும். மக்கீர் 2022-லும், ஈடித் அம்மையார் அடுத்த ஆண்டிலும் காலஞ்சென்றனர். அவர்கள் 1990-ல் எழுப்பிய வினா இன்னும் அவ்வாறே நிற்கின்றது.