ஆவணப்படத்தைச் சுமந்து செல்ல ஆள் வேண்டும்

பினாங்கைப் பற்றி வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் எடுக்கும் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அவற்றின் வரிசை மனப்பாடமாகியிருக்கும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறும் அலகுக் காவடி, நாசி கண்டார் கடையில் நாலு குழம்பையும் கலந்து ஊற்றும் கை, ஆர்மேனியன் தெருவில் 2012-இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் சுவரோவியம். ஜார்ஜ் டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறிய பிறகு இந்த வரிசை இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. படமெடுக்க வருகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாரம் தங்கிப் போகிறவர் கண்ணில் படுவது அவ்வளவுதான். இதே ஊரையும் இதே நாட்டையும் பற்றி இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எடுக்கும் ஆவணப்படங்கள் ஏன் எல்லை தாண்டுவதில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. திறமை போதாது, கருவி போதாது என்பதெல்லாம் பழைய பதில்கள். கருவி இன்று கல்லூரி மாணவர் கையிலேயே இருக்கிறது. படத்தை எடுக்க ஆள் இருக்கிறது. எடுத்ததைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போகத்தான் ஆள் இல்லை.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்து காட்டிய நாடு ஜெர்மனி. போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத 1954-இல், ஊரெங்கும் இடிபாடு கிடந்த நிலையிலேயே, மேற்கு ஜெர்மன் திரைத்துறை தன் படங்களை வெளிநாடுகளில் விற்க ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டது. 2004-இல் ‘ஜெர்மன் ஃபிலிம்ஸ்’ என்று பெயர் மாறி, அது இன்றும் மியூனிக்கிலிருந்து இயங்குகிறது. ஆவணப்படக்காரர்கள் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1980-இல் ‘ஆகே டோக்’ என்று தங்களுக்கெனச் சங்கம் கண்டார்கள். ‘ஜெர்மன் டாக்குமென்டரீஸ்’ என்ற ஒரே பெயர்ப்பலகையின் கீழ் தங்கள் படங்களை உலகச் சந்தைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். கிழக்கு ஜெர்மனியில் 1955-இல் பிறந்த லைப்ஸிக் ஆவணப்பட விழா, அந்த நாடே வரைபடத்திலிருந்து மறைந்த பிறகும் நடக்கிறது. இவற்றோடு கோலாலம்பூரிலும், மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் சென்னையிலும் இருக்கும் கோதே நிலையங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு படம் ஜெர்மனியை விட்டுக் கிளம்பும்போது போய் இறங்க இடம் இருக்கிறது, வரவேற்க ஆளும் தயாராக இருக்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரே படத்தோடு மல்லுக்கட்டி, கையிலிருந்த காசையும் கரைத்துவிட்டு நிற்கும் இயக்குநரே விழாக்களுக்குக் கடிதம் எழுதி, விலை பேசி, பெட்டி கட்டவும் வேண்டும் என்று அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அதைவிட முக்கியம், அவர்கள் எப்படிப்பட்ட படங்களைச் சுமக்கிறார்கள் என்பது. மரியா ஸ்பெத் இயக்கிய ‘திரு. பாஹ்மனும் அவர் வகுப்பும்’ 2021 பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி பெற்றது. மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். ஸ்டாட்அலெண்டோர்ஃப் என்ற சிறிய தொழில்நகரம், அதில் ஓர் ஆறாம் வகுப்பு. பிள்ளைகளில் பெரும்பாலோர் பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கம்பளித் தொப்பி போட்ட ஓய்வுபெறும் வயது ஆசிரியர், பாடம் சலிக்கும்போது கித்தாரை எடுத்துக்கொள்கிறார். ஆண்டு முடிவில் இந்தப் பிள்ளைகளில் யார் உயர்கல்விப் பாதைக்குப் போவார், யார் போகமாட்டார் என்று அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பன்னிரண்டு வயதுக்காரரின் எதிர்காலத்தை அப்போதே பிரித்துவைக்கும் அந்த நடைமுறையைப் படம் ஒளிக்கவில்லை. நாஜி காலத்தில் அதே ஊரின் வெடிமருந்து ஆலைகளில் வெளிநாட்டவரைக் கட்டாய உழைப்பில் வாட்டியதையும், பிறகு ‘விருந்தாளித் தொழிலாளர்’ வந்து சேர்ந்ததையும் வகுப்புப் பிள்ளைகளே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். சுற்றுலாத் துறை எடுக்கச் சொல்லியிருந்தால் இந்தப் படம் பிறந்தே இருக்காது. ஆனால் எங்கோ இருக்கிற பார்வையாளர் ஜெர்மனியை நம்புவது இந்தப் படத்தால்தான்; பழைய கோட்டைகளைக் காட்டும் விளம்பரத்தால் அல்ல. நம் பக்கம் திரும்புவோம். மலேசியாவின் தமிழ்க் கல்வி 1816-இல் இதே பினாங்கின் பிரீ ஸ்கூலில் தொடங்கியது. இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் ஒன்றின் வகுப்பறைக்குள் ஓராண்டு பொறுமையாக உட்கார்ந்து எடுக்கும் படத்துக்கு ஸ்டாட்அலெண்டோர்ஃபில் கிடைத்ததைவிடக் குறைவான கதையா கிடைக்கும்?

நம் நாட்டுக்கு இந்தச் சுமக்கும் வேலை புதிதுமல்ல. பிரிட்டிஷார் 1946-இல் மலாயாத் திரைப்படப் பிரிவைத் தொடங்கினார்கள். அவசரகாலத்தில் திரையும் ஒலிபெருக்கியும் ஜெனரேட்டரும் ஏற்றிய வேன்கள் தோட்டம் தோட்டமாகப் போயின. திடலில் திரை கட்டி, தமிழ் விளக்கவுரையோடு படம் ஓட்டினார்கள். அது அப்பட்டமான பிரசாரம், சந்தேகமில்லை. ஆனால் படத்தைப் பார்வையாளரிடம் கொண்டுபோகத் தனி ஆளும் தனி வண்டியும் அவர்கள் மொழியும் வேண்டும் என்பது காலனி அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. சுதந்திர மலேசியாவில் வண்டி நின்றுவிட்டது என்பதோடு, சில சமயம் அது பின்னோக்கியும் ஓடியது. அமீர் முகமட் எடுத்த ‘லெலாக்கி கொமுனிஸ் தெராகிர்’ 2006 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டது. இங்கே தணிக்கை வாரியம் வெட்டில்லாமல் அனுமதித்த அந்தப் படத்தை, ஒரு நாளிதழ் கிளப்பிய எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு மே மாதம் உள்துறை அமைச்சு தடைசெய்தது. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கைப் பற்றிய படம், ஆனால் சின் பெங் அதில் தோன்றுவதே இல்லை! அவர் வாழ்ந்த ஊர்களில் இன்று இருக்கும் சாதாரண ஜனங்கள்தான் பேசுகிறார்கள். அடுத்த ஆண்டு அமீரின் இன்னொரு ஆவணப்படமும் பெர்லினுக்குப் போனது, இங்கே தடைபட்டது. பேராக்காரரான லாவ் கெக் ஹுவாட், தன் தாத்தாவின் இடதுசாரி வாழ்வைத் தேடி எடுத்த படம் தைவான் படமாகத்தான் உலகைச் சுற்றியது. கதை நம்முடையது, பெயர்ப்பலகை வேறு நாட்டுடையது.

தமிழ்ப் பக்கம் நிலைமை இன்னும் மெலிவு. சயாம் மரண ரயில்பாதையை எடுத்துக்கொள்வோம். 1942–43-இல் 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் 1957-இல் டேவிட் லீன் எடுத்த ‘குவாய் நதிப் பாலம்’, அதில் சீட்டியடித்துக்கொண்டு நடைபோடும் வெள்ளைக்காரக் கைதிகள். நம்மவர்களின் கதை தமிழில் நாவலாகவும் ஆவணப்படமாகவும் பதிவாகியிருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட படங்களின் வழக்கமான பயணம் ஒரு மண்டபத் திரையிடல், நாலு பாராட்டுரை, ஒரு பொன்னாடை, பிறகு யூடியூப் என்று முடிந்துவிடுகிறது. அயல்நாட்டு விழாவும் தொலைக்காட்சியும் கேட்பது வேறு. தொலைக்காட்சிக்கு 52 நிமிடப் பதிப்பு ஒன்று, விழாவுக்கு முழுநீளப் பதிப்பு ஒன்று. நேரக் குறிப்போடு சீராக அமைந்த ஆங்கில வசனவரிகள். ஆவணக் காட்சி யாரிடம் வாங்கியது, எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்ற ஒப்பந்தம். தோட்டத்து வீட்டில் ஒரு பாட்டி நேர்காணல் தருகிறார், பின்னால் வானொலியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடுகிறது என்று வையுங்கள். அந்த இருபது நொடிப் பாட்டுக்கு உரிமை வாங்கியிருக்காவிட்டால் எந்தத் தொலைக்காட்சியும் அந்தப் படத்தைத் தொடாது. கையில் ஒலிவாங்கியோடு நிற்கும் இளம் இயக்குநருக்கு இதைச் சொல்லித் தர யாருமில்லை. படம் முடிந்த பிறகு சொன்னால், அந்தக் காட்சியை வெட்டுவதைத் தவிர வழியுமில்லை.

ஜெர்மனி பணக்கார நாடு, அங்கே திரையரங்குகள்கூட வரி கட்டித் திரைத்துறையைத் தாங்குகின்றன, நமக்கு அது கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மலேசியா படத்துறைக்குக் காசே செலவழிப்பதில்லை என்பது சரியல்ல. இங்கே படம்பிடிக்க வரும் நிறுவனங்களுக்கு அவர்கள் செய்யும் செலவில் 30 விழுக்காட்டை 2013 முதல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸ் வழியாகத் திருப்பித் தருகிறோம். வெளியூர்க் கேமராவை உள்ளே அழைக்கப் பணம் இருக்கிறது. அந்தத் திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. பல தொழிலாளருக்கு அது சோறு போடுகிறது. ஆனால் ஆண்டுக்கு எட்டோ பத்தோ ஆவணப்படங்களுக்கு வசனவரி எழுதி, உரிமை வாங்கி, இரண்டு மூன்று சந்தைகளில் ஒரு மேசை போட ஆகும் செலவு, ஒரு பெரிய வெளிநாட்டுப் படத்துக்குத் திருப்பித் தரும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

அடுத்த ஆட்சேபம் உணர்வு சார்ந்தது: நம் வீட்டு அழுக்கை ஏன் ஊரார் முற்றத்தில் காயப்போட வேண்டும்? இதைச் சொல்கிறவர்கள் அரசாங்கத்தார் மட்டுமல்லர், நம் சங்கத் தலைவர்களும்தான். ‘நோ ஃபயர் ஸோன்’ விவகாரத்தை அவர்கள் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய காலம் மெக்ரேயின் அந்தப் படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக, மனித உரிமை ஆர்வலர் லீனா ஹென்றி திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் கீழ் வழக்கைச் சந்தித்தார். ஒருமுறை விடுதலையாகி, மீண்டும் வழக்கு உயிர்பெற்று, 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதத்தில் போய் முடிந்தது. வேறொரு நாடு தன் அழுக்கை மறைக்க விரும்பியபோது நம் தமிழர்கள் யார் பக்கம் நின்றார்கள்? முள்ளிவாய்க்காலுக்கு உலகத்தின் கண் வேண்டும், நம் தோட்டத்து லயத்துக்கு மட்டும் திரை போட வேண்டும் என்ற வாதம் நிற்காது.

ஜெர்மனியை முன்மாதிரி என்கிறீர்களே, அங்கே எல்லாம் யோக்கியமா என்று பினாங்கு வாசகர் கேட்பார், கேட்கவும் வேண்டும். 2024 பெர்லின் விழாவில் ‘நோ அதர் லேண்ட்’ என்ற பாலஸ்தீன ஆவணப்படம் விருது பெற்றது. மேடையில் அதன் பாலஸ்தீன, இஸ்ரேலிய இயக்குநர்கள் பேசியதைக் கேட்டு ஜெர்மன் அரசியல்வாதிகள் கொதித்தார்கள். கைதட்டிய அப்போதைய பண்பாட்டு அமைச்சர் கிளாடியா ரோத், தாம் தட்டியது இஸ்ரேலிய இயக்குநருக்குத்தான் என்று விளக்கம் தர நேர்ந்தது. வெட்கக்கேடு என்பதைவிட மென்மையான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பாருங்கள்: படத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் விருது கொடுத்தவர்களும் அமைச்சரைக் கேட்டுச் செய்யவில்லை. அமைச்சர் சங்கடப்படலாம், படத்தைப் பெட்டிக்குள் திரும்ப வைக்க முடியாது. மறு ஆண்டு அதே படம் ஆஸ்கரும் வாங்கியது. ஜெர்மனியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான்: பணம் தருகிற கை வேறு, தேர்ந்தெடுக்கிற கை வேறு.

சந்தை சிறியது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. முதுமலையில் பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டி வளர்த்த கதையான ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ தமிழில் பேசித்தான் 2023-இல் ஆஸ்கர் வென்றது. நெட்ஃபிளிக்ஸ் அதைச் சுமந்தது. தவிர ஜெர்மனியிலேயே ஹாம் நகரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரம் எழுப்பியிருக்கிற தமிழர்கள் இருக்கிறார்கள். பாரிஸிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் அப்படியே. யூடியூபில் போட்டால் அவர்களுக்குப் போய்ச் சேராதா என்றால், போகலாம், போகாமலும் இருக்கலாம். கடலில் எறிந்த கடிதத்தைத் தபால் என்று சொல்ல முடியாது.

பினாங்கு மாநில அரசு இதைக் கையில் எடுக்கலாம். 2010 முதல் ஜார்ஜ் டவுன் விழாவை நடத்திவரும் அனுபவம் இருக்கிறது. படத்துறைப் படிப்பு நடத்தும் அறிவியல் பல்கலைக்கழகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுதந்திரத் திரைப்பட விழா பினாங்கிலும் படம் காட்டி ஒரு பார்வையாளர் கூட்டத்தை வளர்த்துவைத்திருக்கிறது. வேண்டியது மூன்று பேர் உட்காரும் ஓர் அலுவலகம்: வசனவரியும் உரிமையும் பார்க்க ஒருவர், விழாக்களோடும் வாங்குபவர்களோடும் பேச ஒருவர், கணக்குப் பார்க்க ஒருவர். தமிழ், மலாய், சீன மொழிப் படங்கள் ஒரே பட்டியலில் வரட்டும். லைப்ஸிக், ஆம்ஸ்டர்டாம், ஜப்பானின் யாமகாத்தா ஆவணப்பட விழாக்களுக்கு அந்தப் பட்டியல் போகட்டும். தணிக்கை கூட்டரசின் அதிகாரம், அதை மாநிலம் மாற்ற முடியாது. தேர்வுக் குழுவில் ஆட்சிக்குழு உறுப்பினர் எவரும் உட்காரக் கூடாது என்று விதி எழுதுவது மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. அந்த விதி மெய்யானதா என்று பார்க்கக் கம்போங் புவா பாலா குடியிருப்பின் கதை போதும். அந்த நிலத்தைக் கைமாற்ற முடிவானது முந்தைய ஆட்சியில். மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் வீடுகள் 2009-இல் இடிபட்டது இன்றைய ஆளும் தரப்பு பொறுப்பேற்ற பிறகு. இரு தரப்புக்குமே சங்கடம் தரும் அந்தக் கதையைப் பற்றிய படம் குழுவின் மேசைக்கு முதல் ஆண்டிலேயே வரட்டும்.