டொக்டருக்கு என்ன பயம்?

பல் வைத்தியர் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வருவது எங்கட பயம்தான். அந்தக் கதிரை, அந்த மெஷின் சத்தம், ஊசி. பல்லுக் கழற்றப்போன கதை இல்லாத வீடே கிடையாது. கதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்கும் நெஞ்சு படபடக்கலாம் என்பது மட்டும் எந்தக் கதையிலும் வராது. கொவிட் வந்து போன பிறகும் வரவில்லை. "டொக்டருக்கு என்ன பயம்?" என்ற ஒரு கேள்வியோடு விஷயத்தை முடித்துவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

கொவிட் காலத்தில் ஊருக்கெல்லாம் என்ன சொன்னார்கள்? தள்ளி நில்லுங்கோ, மாஸ்க்கைக் கழற்றாதேங்கோ, காற்றோட்டமில்லாத அறைக்குள் இருக்காதேங்கோ. பல் வைத்தியரின் வேலையை இந்த மூன்று வசனத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயாளி மாஸ்க்கைக் கழற்றினால்தான் வேலையே தொடங்கும். வாய்க்கும் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இராது. பல்லைக் குடையும் கருவி நிமிடத்துக்கு 3, 4 இலட்சம் தடவை சுற்றும். பல் சூடாகாமலிருக்க அது தண்ணீரைப் பீச்சியபடியே இருக்கும். அந்தத் தண்ணீர் எச்சிலோடும் இரத்தத்தோடும் கலந்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக அறைக்குள் மிதக்கும். 2020 மார்ச்சில் நியூயோர்க் ரைம்ஸ் எந்தத் தொழிலுக்குத் தொற்று ஆபத்துக் கூட என்று ஒரு வரைபடம் போட்டது. அதில் பல் சிகிச்சைத் தொழிலாளர்கள் உச்சியில் இருந்தார்கள்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்த ஒருவர் பயப்படாவிட்டால்தான் நாங்கள் யோசிக்கவேண்டும். 2020இன் தொடக்க மாதங்களில் 30 நாடுகளைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்ட பல் வைத்தியர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. தொற்றிவிடும் என்று பயந்தவர்கள் 87 வீதம். தங்கட வீட்டாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோமோ என்று பயந்தவர்கள் 92 வீதம். இரண்டாவது எண் பெரிது என்பதைக் கவனியுங்கள். தன் உயிரைவிட அம்மாவையும் பிள்ளையையும் நினைத்துப் பயந்தவர்களைத்தான் நாங்கள் "பயந்தாங்கொள்ளிகள்" என்கிறோம்.

சரி, பயந்தபடி நடந்ததா? பெரும்பாலும் இல்லை. 2020 ஜூனில் அமெரிக்காவில் எடுத்த கணக்கில், ஆய்வில் பங்கேற்ற பல் வைத்தியர்களில் கொவிட் வந்தவர்கள் 1 வீதத்துக்கும் குறைவு. கவச உடையும் கட்டுப்பாடுகளும் வேலை செய்தன. "பாத்தீங்களா, சும்மா பயந்திருக்கினம்" என்று சிலர் சொல்லக்கூடும். அவசரப்படாதீர்கள். அதே அமெரிக்காவின் பல் வைத்தியர் சங்கம் 2021இல் இன்னொரு கணக்கு எடுத்தது. பதகளிப்பு நோய் இருப்பதாக மருத்துவரால் சொல்லப்பட்ட பல் வைத்தியர்கள் 16 வீதம். 2003இல் அது 5 வீதம். தொற்று குறைவாக இருந்த ஒரு தொழிலில் பதகளிப்பு மூன்று மடங்காக நிற்கிறது. அப்படியென்றால் அதற்கு வைரஸை மட்டும் காரணம் காட்ட முடியாது. வேலை செய்யவேண்டி வந்த நிலைமையையும் பார்க்கவேண்டும்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 25ஆம் திகதி வழமையான பல் சிகிச்சை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். ஜூன் 8ஆம் திகதி திறக்கலாம் என்றார்கள். திறந்தால், துளி பறக்கும் சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் பிறகு 60 நிமிடம் வரை அறையை வெறுமையாக விடவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கமுடியும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சுயதொழில் செய்கிறவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த உதவிப்பணம், வருட இலாபம் 50,000 பவுணுக்கு மேலிருந்தால் கிடையாது. இத்தனைக்கும் பிறகு 2021 ஜனவரியில், நாடு மூன்றாவது தடவையாக முடக்கத்துக்குள் போன அதே நாட்களில், "வழமையான வேலை அளவில் 45 வீதத்தை எட்டவேண்டும்" என்று இலக்கு வைத்தார்கள். ஏப்ரலில் அது 60 வீதமானது. அறையை ஒரு மணித்தியாலம் பூட்டச் சொன்னதும் அவர்கள்தான், ஏன் இவ்வளவு குறைவாகப் பார்த்தாய் என்று கேட்டதும் அவர்கள்தான். இந்த இடத்தில் நித்திரை வராத மனிதருக்கு மாத்திரை மட்டும் கொடுத்தால் போதுமா?

சர்வதேச மட்டத்திலும் குழப்பம்தான். 2020 ஓகஸ்டில் உலக சுகாதார நிறுவனம், சமூகத்தொற்று உள்ள இடங்களில் அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொன்னது. அமெரிக்கச் சங்கம் அதைக் கடுமையாக மறுத்தது. யாரை நம்புவது? கருவியைக் கையில் பிடித்திருக்கிறவர் தனியாகத்தான் முடிவெடுக்கவேண்டி இருந்தது.

இனி எங்கட பக்கம் வருவோம். இங்கே இன்னொரு சுமையும் உண்டு. உயர்தரத்தில் பயோ படித்த பெடியள் பெட்டையளுக்கு இது நல்லாகத் தெரியும். இசட் ஸ்கோர் வந்தவுடன் வீட்டில் முதல் கேள்வி "மெடிசின் கிடைக்குமா?" கிடைக்காமல் டென்டல் கிடைத்தால், "பரவாயில்லை, அதுவும் டொக்டர்தானே" என்று ஆறுதல் சொல்வார்கள். அந்த "பரவாயில்லை"யைச் சுமந்துகொண்டுதான் ஒரு பிள்ளை பேராதனைக்குப் போகுது. படித்து முடித்து வந்தால், கொவிட் வீரர்களுக்குக் கைதட்டும்போது பல் வைத்தியர் ஞாபகத்துக்கு வருவதில்லை. பயப்படும்போது மட்டும் "நீங்கள் டொக்டர்தானே" என்று ஞாபகப்படுத்துகிறோம். மரியாதை அரைவாசி, எதிர்பார்ப்பு முழுசு. இப்படிப்பட்ட இடத்தில் யார் வாய்திறந்து "எனக்கு ஏலாமல் இருக்கு" என்று சொல்லுவார்? "மண்டைக்குச் சுகமில்லாத ஆளிட்டயா பல்லுக் காட்டப் போறாய்?" என்று ஊர் கதைக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"நாட்கூலிக்காரன் ஊரடங்கில் பட்டினி கிடந்தான், நீங்கள் பல் வைத்தியருக்காக அழுகிறீங்களா?" என்று எங்கட ஆட்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊரடங்கு அதிகமாக நசுக்கியது நாட்கூலிக்காரரைத்தான். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் இந்த இரண்டு பேரும் ஒரே கயிற்றின் இரண்டு நுனிகள். இலங்கையில் ஆண்களுக்கு ஆகக்கூடுதலாக வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் அதற்குப் பெரிய காரணம். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாவின் கன்னத்துக்குள் இருக்கும் வெள்ளைப் படலத்தை, பல்வலி என்று போகும்போது முதலில் காண்பவர் பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியர்தான். கிளினிக் பூட்டினால் அந்த வாய் திறக்கப்படாது. பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்த வைத்தியருக்கும் அது தெரியும். திறந்தால் தொற்று, பூட்டினால் புற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவரை மாதக்கணக்கில் நிற்கவிட்டால் மனம் என்னாகும்? அவர் சோர்ந்து வேலையை விட்டால், காசிருப்பவர் தனியாரிடம் போவார். வரிசையில் மிஞ்சி நிற்பது அந்த அம்மாதான்.

இன்னொரு ஆளையும் நாங்கள் மறக்கக்கூடாது. வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருக்கிற உதவியாளர். அதே அறை, அதே காற்று, அதே ஒரு முழத் தூரம். தனியார் கிளினிக்குகளில் இந்த வேலை செய்வது அநேகமாகக் குறைந்த சம்பளத்துக்கு வரும் இளம் பெண்கள். வைத்தியர் பயந்தால் ஆய்வுக் கட்டுரை வரும். உதவியாளர் பயந்தால் "விருப்பமில்லையெண்டால் நாளைக்கு வரவேண்டாம்" என்று பதில் வரும். பயத்துக்கும் பட்டப்படிப்பு வேண்டுமா?

இதற்கெல்லாம் மேலிருந்து வழக்கமாக வரும் மருந்து ஒன்று இருக்கிறது: மூச்சுப் பயிற்சி செய்யுங்கோ, நேர்மறையாக யோசியுங்கோ, ஒரு செயலமர்வுக்கு வாங்கோ. மூச்சுப் பயிற்சியில் எங்களுக்குக் கோபமில்லை. அறையின் காற்றைச் சரிசெய்யாமல் அதே அறைக்குள் நிற்கிறவரை ஆழமாக மூச்சு விடச் சொல்வதில்தான் கோபம்.

நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. கவச உடை வேலையின் ஒரு பகுதி. அதை வைத்தியரும் உதவியாளரும் கைக்காசில் வாங்கக்கூடாது. தொற்றுக்காலத்தில் அறையை வெறுமையாக விடும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடவேண்டும். உளவளத்துணை, பதவி உயர்வை முடிவுசெய்யும் மேலதிகாரியின் காதுக்குப் போகாத இடத்தில் கிடைக்கவேண்டும். பல் மருத்துவ மாணவர்களுக்கு நோயாளியின் பயத்தைக் கையாளச் சொல்லிக்கொடுப்பது போல, தங்கட பயத்தைச் சொல்லவும் முதல் வருடத்திலேயே பழக்கவேண்டும். இவை எல்லாவற்றிலும் உதவியாளர்களும் அடங்கவேண்டும்.

இவை வரும்வரை எங்கட கையில் இருப்பது ஒன்று. எங்கட பச்சில் டென்டலுக்குப் போன நண்பர்கள் எல்லாருக்கும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இரவு போன் எடுத்து "மச்சான், கை நடுங்குது, நாளைக்குப் போகப் பயமா இருக்கு" என்றால், "நீ டொக்டர்தானேடா" என்று சிரிக்காதீர்கள். கடைசிவரை கேளுங்கள். தேவையென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தைக் கொடுங்கள். அடுத்த நாள் நீங்களாகவே ஒரு கோல் எடுத்து, வேலைக்குப் போனாயா என்று கேட்காமல், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.