காட்சி வரும் வழியும் பொருத்துநரின் பொறுப்பும்

வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் காட்சியை உரிமையாளரின் கைப்பேசியில் ஒருமுறை வரவழைத்துக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் கேமரா பொருத்தும் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. காட்சி வருகிறதா என்பது வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி. அது எந்த வழியாக வருகிறது, இடையில் யாருடைய கணினி நிற்கிறது, அதே வழியில் வேறு யார் நுழையக்கூடும் என்பவை, அவர் கேட்காவிட்டாலும் பொருத்துநர் விடை வைத்திருக்க வேண்டிய கேள்விகள்.

நெடுங்காலம் நடைமுறையிலிருந்தது போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து ரூட்டரின் குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு வரும் அழைப்பை உள்ளேயிருக்கும் பதிவுக் கருவியான டிவிஆருக்கோ என்விஆருக்கோ திருப்பிவிடும் ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இணையம் முழுவதும் அறியும் ஐபி முகவரி ஒன்று தனியே கிடைக்கும் என்ற அடிப்படையில் அது நின்றது. பழைய ஐபிவி4 முறையில் இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. அவற்றின் உலகளாவிய பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டதால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் சிஜிநாட் என்னும் முறை பரவியது. அதற்கென்றே 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதி ஒதுக்கப்பட்டது. ரூட்டரின் வேன் (WAN) பக்கத்தில், அதாவது இணையத்தை நோக்கிய பக்கத்தில், இந்தத் தொகுதியைச் சேர்ந்த முகவரி தென்பட்டால், அல்லது அங்குள்ள முகவரியும் இணையத்தில் தெரியும் முகவரியும் வேறுபட்டால், போர்ட்டைத் திறப்பதாலோ மாறும் முகவரியை ஒரே பெயரால் அடையச்செய்யும் டைனமிக் டிஎன்எஸ் அமைப்பதாலோ பயன் விளையாது.

சிம் செருகிய ரூட்டர் வழியே இணையம் பெறும் வீடுகளில் பெரும்பாலும் இதுவே நிலை. இங்கே பிரித்தறிய வேண்டிய ஒன்று உண்டு: பார்ப்பவரின் கைப்பேசி சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பது தடையாகாது, ஏனெனில் அது அழைக்கும் பக்கம், அழைப்பை ஏற்க வேண்டிய கேமராவின் பக்கம் அவ்வாறு இருப்பதே தடை. வீட்டு வைஃபையில் தெரியும் காட்சி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் நின்றுபோனால், சிக்னல் மீது பழி போடுவதற்கு முன்னால், செயலியில் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

பொது முகவரி கிடைக்கும் இடங்களில்கூடப் போர்ட்டைத் திறந்து வைப்பது இன்று ஏற்கத்தக்கதன்று. 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையிலேயே வைக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று, இணையத்தை நோக்கித் திறந்துகிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பெருந்திரளாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை தாக்கப்பட்டுப் பல முன்னணித் தளங்கள் முடங்கியதில் அத்தகைய கருவிகளுக்குப் பெரும்பங்கு இருந்தது. கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்ற ஆறுதலும் நிலைக்கவில்லை. 2021 செப்டம்பரில் ஹைக்விஷன் வெளிப்படுத்திய குறைபாடு, கடவுச்சொல்லே இல்லாமல் கருவியின் வலைச் சேவகத்துக்குள் (வெப் சர்வர்) கட்டளைகளைச் செலுத்த இடமளித்தது. போர்ட் திறந்திருந்து ஃபர்ம்வேர் பழையதாக இருந்த கருவிகளுக்கு வலுவான கடவுச்சொல்லால் காப்பு கிட்டவில்லை.

இன்று வழக்கிலுள்ள பி2பி முறை இந்தத் திசையைத் தலைகீழாக்குகிறது. கருவி தானே வெளியே சென்று உற்பத்தியாளரின் சேவகத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது. க்யூஆர் குறியீட்டிலுள்ள அடையாள எண்ணைக் கொண்டு கைப்பேசிச் செயலியும் அங்கே வந்துசேர, சேவகம் இரு தரப்பின் முகவரிகளையும் ஒன்றுக்கொன்று அறிவித்து நேரடி இணைப்புக்கு வழிசெய்கிறது. நேரடி இணைப்பு கூடாதபோது காட்சி முழுவதும் இடைநிலைச் சேவகத்தின் வழியாகவே பாய்கிறது. மொபைல் இணைப்பில் படம் தாமதமாகவும் விட்டுவிட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இம்முறை சிஜிநாட்டைக் கடந்துவிடுகிறது, ஆனால் நம்பிக்கையை வேறொருவரிடம் ஒப்படைக்கிறது. பல நிறுவனங்களின் கேமராக்களில் பயன்பட்ட கலாய் என்னும் பி2பி தளத்தில் 2021 ஆகஸ்டில் வெளியான குறைபாடு, கருவியின் அடையாள எண்ணை அறிந்தவர் அக்கருவியாகவே நடித்து உரிமையாளரின் கடவுச்சொல்லைப் பெற இயலும் என்று காட்டியது. அந்த எண்ணைத் தாங்கிக் கருவியின் அடியிலுள்ள ஒட்டுத்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிரும் பழக்கத்தைப் பொருத்துநர்கள் கைவிட இது ஒன்றே போதிய காரணம்.

மூன்றாவது வழி, வீட்டு வலையமைப்புக்கும் கைப்பேசிக்கும் இடையே மறையாக்கம் செய்த தனிப்பாதை அமைக்கும் விபிஎன். பொது முகவரியோ புதிய முகவரி முறையான ஐபிவி6 இணைப்போ உள்ள வீட்டில் அதை ரூட்டரிலேயே நிறுவலாம். சிஜிநாட் உள்ள வீட்டில் வெளியிலுள்ள சேவகம் ஒன்றின் துணை வேண்டும். முகவரிப் பஞ்சத்தை ஐபிவி6 தீர்த்தாலும், உள்வரும் அழைப்பை ரூட்டரின் தீயரண் பொதுவாகத் தடுத்துவிடும். அந்தத் தடையை முழுவதுமாக நீக்குவது போர்ட்டைத் திறந்து வைப்பதைவிடக் கேடானது.

டேட்டாக் கணக்கும் வழியின் ஒரு பகுதியே. நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பாயும் முதன்மைக் காட்சி மணிக்கு ஏறத்தாழ 900 மெகாபைட்டையும், 512 கிலோபிட் அளவில் பாயும் துணைக் காட்சி மணிக்கு ஏறத்தாழ 230 மெகாபைட்டையும் எடுக்கின்றன. நாளுக்கு 1.5 ஜிபி தரும் சிம் கொண்ட இடத்தில் முதலாவது இரண்டு மணி நேரத்துக்குள்ளும் இரண்டாவது ஏழு மணி நேரத்துக்குள்ளும் அந்த அளவைத் தீர்த்துவிடும் என்பதால், அங்கே பதிவை நினைவட்டையில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் துணைக் காட்சியை அழைப்பதே பொருந்தும்.

இந்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்து 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள், சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. அவை கருவிக்குச் சான்றளிப்பவை. அது எப்படிப் பொருத்தப்பட்டது என்பதற்கு அல்ல. சான்று பெற்ற கேமராவும், பொருத்துநரின் மின்னஞ்சலிலேயே முதன்மைக் கணக்கு தொடங்கப்பட்டு அவர் கைப்பேசியிலும் உள்நுழைவு நிலைத்திருந்தால், வீட்டாரின் அந்தரங்கத்தை அந்நியரிடம் வைத்திருக்கும் கருவியே ஆகும்.

ஆகவே, பில்லோடு ஒப்படைப்புத் தாள் ஒன்றையும் தருவதை ஒவ்வொரு பொருத்துநரும் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். இணைப்பு எந்த முறையில் அமைந்தது, காட்சி யாருடைய சேவகத்தின் வழியே செல்லக்கூடும், ஃபர்ம்வேரின் பதிப்பு எது, முதன்மைக் கணக்கு யார் பெயரில் உள்ளது, பொருத்துநரின் அணுகல் எந்த நாளில் நீக்கப்பட்டது என்னும் ஐந்து விவரங்களும் அதில் இடம்பெற்று, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். இதற்குக் கூடுதல் கருவி தேவையில்லை. கால் மணி நேரம் செலவாகும், அந்த நேரத்துக்குரிய கட்டணத்தை மதிப்பீட்டிலேயே வெளிப்படையாகச் சேர்த்துக் கேட்பதும் நியாயமே.