ஒரே வீடு, இரண்டு அடுப்பு: வரிக் கணக்கு யார் பெயரில்?

கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

“தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். வருஷத்துக்கு நாலு லட்சத்துச் சொச்சம் சம்பளம். மூன்று வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதில்லை. நான் கீழே, அவர் மாடியில். சமையலும் தனித்தனி. ஊர் வாய்க்குப் பயந்தும், கல்யாணமாகாத சின்ன மகளை நினைத்தும் ஒரே வீட்டில் இருக்கிறோம். நன்றாக இருந்த காலத்தில், 2019-ல், அவர் 10 லட்ச ரூபாயை என் பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டார். இப்போது, ‘நாமதான் பிரிஞ்சாச்சே, அந்த வட்டியை உன் கணக்குல காட்டிக்கோ’ என்கிறார். பிரான்ஸில் இருக்கும் மூத்த மகளோ, ‘ஒரே கூரைக்குக் கீழ இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதான் கணக்கு கொடுக்கணும்மா’ என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?”

சகோதரி, இரண்டு பேர் சொல்வதும் உங்கள் விஷயத்தில் சரியில்லை. முதலில் மகள் சொன்னதைப் பார்ப்போம்.

அவர் இருக்கும் நாட்டுக்கு அவர் சொன்னது பொருந்தும். பிரான்ஸில் கணவன் மனைவி பொதுவாகச் சேர்ந்துதான் கணக்கு கொடுக்க வேண்டும். சொத்துப் பிரிவினை ஒப்பந்தத்தோடு திருமணம் செய்து ஒரே கூரையின்கீழ் வாழாதவர்கள், விவாகரத்து வழக்கு நடக்கும்போது தனி வீட்டில் இருக்க அனுமதி பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே தனிக் கணக்கு. ஆகவே அங்கே ‘ஒரே கூரை’ என்பது பெரிய விஷயம்.

நம் நாட்டில் அந்தப் பேச்சே இல்லை. இங்கே கணவன் மனைவி சேர்ந்து கணக்கு கொடுக்கும் முறையே கிடையாது. ஒற்றுமையாக இருந்தாலும், பேசாமல் இருந்தாலும், விவாகரத்து ஆனாலும், அவரவர் பான் எண்ணில் அவரவர் கணக்கு. ‘பிரிந்து வாழ்கிறேன்’ என்று தனியாகக் குறிக்க வேண்டியதும் இல்லை.

சில படிவங்களில் ‘போர்ச்சுகீசிய சிவில் சட்டத்துக்கு உட்பட்டவரா?’ என்று ஒரு கேள்வி வரும். அது கோவா, டாமன் டையூ, தாத்ரா நாகர் ஹவேலிக்காரர்களுக்கு. அங்கே தம்பதியின் சில வருமானங்களைச் சரிபாதியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நம்மை ஆண்டது பிரெஞ்சுக்காரர்கள். எனவே குழம்பாமல் ‘இல்லை’ என்று போடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. அந்த 10 லட்சம் அவர் பணம். கணவன் மனைவிக்குள் அன்பளிப்புக்கு வரி இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானம் கொடுத்தவர் வருமானத்தோடுதான் சேரும். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64-வது பிரிவு இதைச் சொல்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது.

7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 70,000 ரூபாய். இதை நீங்கள் காட்டினால், உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் ஒரு ரூபாய்கூட வரி வராது. அவர் 20 சதவீத வரம்பில் இருந்தால், அவருக்கு 14,000 ரூபாயும் அதற்கு மேல் செஸ்ஸும் வரும். அவர் உங்களை வற்புறுத்துவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

‘எனக்கு வரி வராது, காட்டிவிட்டுப் போகிறேனே’ என்று நினைக்க வேண்டாம். பின்னால் துறை அந்த வட்டியை அவர் கணக்கில் சேர்த்து வரி போட்டால், அந்த வட்டிக்கு உரிய வரிப் பங்கை டெபாசிட்டைக் கையில் வைத்திருப்பவரிடமே நோட்டீஸ் கொடுத்து வசூலிக்க 65-வது பிரிவு இடம் தருகிறது. அதாவது, அவர் கட்டாத வரி உங்கள் வாசல் கதவைத் தட்டலாம்.

‘நாங்கள்தான் பிரிந்துவிட்டோமே?’ என்பீர்கள். சட்டம் இதற்கு ஒரு விலக்கு தருகிறது. பிரிந்து வாழ்வதற்கான உடன்பாட்டின் பேரில் ஒருவர் மற்றவருக்குச் சொத்தோ பணமோ கொடுத்தால், அதன் வருமானம் கொடுத்தவரோடு சேராது. அந்த உடன்பாடு கோர்ட் மூலமாகத்தான் வர வேண்டும் என்று அந்த விதியில் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள்: உங்கள் டெபாசிட் 2019-ல் போட்டது, நன்றாக இருந்தபோது அன்பாகக் கொடுத்தது. இன்றைக்கு ஒரு ஒப்பந்தம் எழுதினால், அது பழைய அன்பளிப்பைத் தானாக மாற்றிவிடாது. சட்டப்படி நீங்கள் கணவன் மனைவியாக இருக்கும்வரை அந்த வட்டி அவர் கணக்கில்தான் சேர வேண்டும். விவாகரத்து ஆன நாளிலிருந்து அது உங்களுடையது. ஒரு ஆறுதல்: அந்த வட்டியைச் சேர்த்துவைத்து நீங்கள் வேறு டெபாசிட் போட்டிருந்தால், அந்த இரண்டாவது டெபாசிட்டின் வட்டி உங்கள் வருமானம்தான்.

‘ஒரே வீட்டில் இருந்தால் பிரிந்து வாழ்வதாகச் சட்டம் ஒப்புக்கொள்ளுமா?’ என்ற சந்தேகமும் இருக்கும். விவாகரத்துச் சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டப்படி, இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்க ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதுச்சேரிக்கே உரிய ஒரு விலக்கு உண்டு. முன்னோர் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. சொல்தா குடும்பங்களில் பலர் இந்த வகையில் வருவார்கள். அவர்கள் வக்கீலிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வரி அதிகாரி உங்கள் வீட்டு மாடிப்படியை வந்து பார்க்கப்போவதில்லை. அவருக்குத் தேவை காகிதம். நீங்கள் கீழே, அவர் மேலே என்பது ஊருக்கே தெரிந்திருக்கலாம். எழுத்தில் இல்லாதவரை அதை நிரூபிப்பது கஷ்டம்.

ஆகவே இப்போது செய்ய வேண்டியவை:

முதலாவது, அந்த டெபாசிட்டுக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும். வட்டியை அவர் காட்டும்போது பிடித்த தொகையும் அவர் கணக்கில் வரவாக வேண்டும். அதை வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து மாற்றலாம். ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

இரண்டாவது, இனிமேல் அவர் உங்களுக்கு எதைக் கொடுத்தாலும், வீட்டில் பங்கோ பணமோ, அதற்கு முன்பே பிரிந்து வாழும் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் சாட்சியோடு கையெழுத்திடுங்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள், யார் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், எது யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

மூன்றாவது, விவாகரத்து வரை போவதாக இருந்தால், ஜீவனாம்சத்தை எப்படி வாங்குவது என்று முன்கூட்டியே யோசியுங்கள். மொத்தமாக வாங்கும் தொகைக்கு வரி இல்லை, மாதாமாதம் வருவது வருமானம் என்று 1980-களில் பிரதாப்கர் மகேஸ்வரி தேவி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. விவாகரத்துக்குப் பிறகு அவர் சட்டப்படி உங்கள் ‘உறவினர்’ அல்ல. தீர்ப்பில் இல்லாமல் அவர் தனியாக வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்தால் அதற்கு வரி உண்டு. எனவே பேசி முடிவு செய்தது எல்லாம் தீர்ப்புக்குள் வந்துவிட வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் நேரில் பேச முடியாவிட்டால், சின்ன மகள் கையில் தூது அனுப்ப வேண்டாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஆடிட்டர் மூலமாகவே அனுப்புங்கள். எத்தனை நாள் ஒரே வீட்டில் இருப்பது என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. அது எதுவானாலும், அவர் வரியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.