மேட்டு நிழல்: போடி மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

தீவு என்றால் கடல் நடுவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு, சுமார் 1,400 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். சித்திரையில் ஊர் தகிக்கும்போது மேட்டில் குளிர்காற்று வீசுவது அதனால்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்படிக் குளிர்ந்த உயரமான உச்சிகளை ஆய்வாளர்கள் வான்தீவுகள் என்கிறார்கள். கடலின் இடத்தில் காய்ந்த சமவெளி. கடல் ஏறினால் தீவு சுருங்குவதுபோல, வெப்பம் ஏறினால் இந்த வான்தீவும் சுருங்கும். 1 டிகிரி கூடினால், இந்த மலையில் விளையும் ஏலச்செடி தனக்குப் பழகிய குளிர்ச்சியைத் தேடி சுமார் 170 மீட்டர் மேலே போக வேண்டும். மலைக்கு உச்சி ஒன்றுதானே.

உலகத்தின் வெப்பத்தைப் போடியில் உட்கார்ந்து குறைக்க முடியாது. ஆனால் தோட்டத்துக்குள் வெப்பத்தைத் தணிப்பது நிழல்மரம். அது நம் கையில் இருக்கிறது. நிழலைக் குறைத்தால் காய் கூடும் என்பார்கள் அனுபவசாலிகள். பொய்யில்லை, ஞள்ளானி போன்ற ஏலக்காய் ரகங்கள் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தில் நன்றாகவே காய்க்கும். மழைக்கு முன் கிளை கழிப்பதும் பழைய வழக்கம்தான். கிளையைக் கழிப்பது வேறு, மரத்தையே எடுப்பது வேறு. ஏலச்சரம் செடியின் அடியிலிருந்து கிளம்பிப் பூப்பது. நல்ல நிழலில் சருகைப் புரட்டினால் மாசியிலும் அடியில் ஈரம் தட்டும். அந்த ஈரத்தில்தான் வேர் கோடையைக் கடக்கிறது. மரம் போன இடத்தில் இலை நுனி வெளுத்துக் காகிதம்போல் மொரமொரக்கும், பிறகு மோட்டாரை வைத்து ஓடையை உறிஞ்ச வேண்டிவரும். 2024 கோடையில் ஓடையும் குட்டையும் வற்றி, மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கியில் ஏக்கர் கணக்கில் செடி கருகியது. 2019 ஆகஸ்டில் அங்குள்ள புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். 2018 பெருமழையும் அதற்கடுத்த வறட்சியும் செடியை அழித்ததால் வந்த விலை அது. விற்கக் காய் இல்லாதவனுக்கு அதனால் என்ன லாபம்?

தோட்டமெல்லாம் கேரளத்தில், நமக்கென்ன என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் பல போடிக்காரர்களுடையவை. விடியுமுன் ஜீப்பில் காய் எடுக்கப் போகிறவர்கள் நம் தெருக்காரர்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் நம் ஊரிலும் இருக்கிறது. காயின் பருமனையும் பச்சையையும் பார்க்கும் வியாபாரி, எத்தனை தடவை மருந்தடித்த காய், நிழல் உள்ள தோட்டமா என்றும் கேட்கட்டும். கேட்கிற சரக்குத்தான் சந்தைக்கு வரும். போதாததற்கு, கிழக்குச் சரிவு முழுக்க நம்முடையது. குரங்கணி, கொட்டகுடி வழியே இறங்கும் ஆற்றைத்தான் நாம் குடிக்கிறோம். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பாலேயே பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடுவதால், மலை பிடித்துவைத்து விடும் நீரே நமக்குக் கோடைத் துணை. அதே சரிவில்தான் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புல்தீ எவ்வளவு வேகமாக மேலேறும் என்பதை அதற்குமேல் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஆகவே கேட்கிறோம். தோட்டக்காரர்கள் நாட்டு மரங்களை வெட்டாமல், விழுந்த மரத்துக்குப் பதில் பலாவோ முருக்கோ இந்த ஆனியிலேயே நடுங்கள். மாடு மேய்க்கிறவர்கள் இளம்புல்லுக்காகச் சரிவில் தீ வைக்காதீர்கள். கோடையில் அந்தக் குடும்பங்களுக்குத் தீவனம் கிடைக்க வழிசெய்வது வசதியுள்ள நம் பொறுப்பு, அதற்குப் பண்டிகைச் செலவில் ஒரு பங்கு போதும். நகராட்சி வார்டுக் கூட்டங்களில் கொட்டகுடி ஆற்றின் கோடை நீர்மட்டத்தை மாதந்தோறும் பலகையில் எழுதிவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.