சுவிட்சைப் போட்ட அந்த நொடி



எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தேயிலை ஃபேக்டரியில் ரோலர் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணினால் வீட்டு பல்பு ஒரு கணம் மங்கும், பிறகு பழையபடி எரியும். கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு. "ஓடுறப்ப எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்தான். கிளம்புறப்பதான் குணம் தெரியும்" என்பார் அப்பா.

லேசர் டயோடும் அப்படித்தான். ஆனால் லேபில் நாம் என்ன செய்கிறோம்? கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒளி எவ்வளவு வருகிறது என்று குறித்து, ஒரு கிராஃப் போட்டு, சாரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். பாதிப் பேர் சீனியர் ரெக்கார்டைப் பார்த்தே எழுதிவிடுகிறோம். நானும்தான்! சென்ற ஆண்டு ஒரு கம்பெனி இன்டர்வியூவில், "சுவிட்ச் போட்டதும் முதல் சில நானோ செகண்டில் லேசர் என்ன செய்யும்?" என்று கேட்டார்கள். அதே கிராஃபை வரைந்தேன். "இது எல்லாம் அடங்கின பிறகு. அதுக்கு முன்னாடி?" என்றார் கேட்டவர். பதில் இல்லை. வேலையும் இல்லை.

பதிலைப் பிறகுதான் தேடிப் படித்தேன். கரண்ட் வந்த உடனே லேசர் ஒளி வராது. எலக்ட்ரான்கள் சேர்ந்து த்ரெஷோல்டைத் தொட வேண்டும். அதற்கு ஒரு சிறு தாமதம். தொட்டதும் ஒளி ஒரேயடியாகப் பாய்ந்து, சேர்ந்திருந்த எலக்ட்ரான்களைத் தின்றுவிடும். உடனே ஒளி குறையும். எலக்ட்ரான் மறுபடி சேரும். ஒளி மறுபடி எழும். கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இப்படி ஆடித் தேய்ந்து, கடைசியில்தான் நிலைக்கு வரும். ஃபைபரில் ஒன்றும் பூஜ்யமுமாகச் செய்தி அனுப்பும்போது இந்த ஆட்டம் பெரிய தொல்லை.

இங்குதான் குவாண்டம் டாட் லேசர் வருகிறது. 1982-ல் ஜப்பானின் அரகாவா, சகாகி இருவரும் சொன்ன யோசனை. 1994-ல் பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானிகள் செய்தே காட்டினார்கள். சில நானோமீட்டர் உயரமுள்ள புள்ளிகளில் எலக்ட்ரானை அடைத்து வைக்கும் லேசர் இது. எலக்ட்ரான் முதலில் புள்ளிகளைச் சுற்றியுள்ள படலத்தில் விழுந்து, பிறகே புள்ளிக்குள் இறங்கும். இந்த இடைப்படி பிரேக் போல வேலை செய்வதால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும். கனெக்டரில் பட்டுத் திரும்பி வரும் ஒளியில் சாதாரண லேசர் தாறுமாறாகிவிடும். இது அவ்வளவாக மிரளாது. ஆனால் ஒன்று, பிரேக் அதிகமானால் வேகத்துக்கு ஒரு எல்லை விழும்.

"டிப்ளமோ பசங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்கலாம். மலையில் ஃபைபர் அறுந்தால் மழையில் நின்று ஸ்ப்ளைஸ் போடப்போவது யார்? நாம்தானே! கனெக்டரில் படிந்த தூசி ஒரு லேசரை என்ன பாடு படுத்தும் என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

கிகாஹெர்ட்ஸ் ஆட்டத்தை நம் லேப் சி.ஆர்.ஓ.வில் பார்க்க முடியாதுதான். ஆனால் ஒரு ரெசிஸ்டர், ஒரு காயில், ஒரு கெப்பாசிட்டரைத் தொடராக இணைத்து ஸ்கொயர் வேவ் கொடுங்கள். கெப்பாசிட்டரில் அதே மாதிரி ஆட்டம் திரையில் தெரியும். ரெசிஸ்டரைக் கூட்டினால் அடங்கும். தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடிகளும் உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முரளியும் லட்சுமணனும், அமெரிக்காவின் சுவாவுடன் சேர்ந்து, 1994-ல் இதே மூன்று பொருளோடு 'சுவா டயோடு' ஒன்றைச் சேர்த்து, ஒழுங்கற்ற ஆட்டம் காட்டும் எளிய சர்க்யூட்டை உலகுக்குத் தந்தார்கள். கோடி ரூபாய் லேப் தேவைப்படவில்லை.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த ஆண்டு லேபில் இந்த ஒரு எக்ஸ்பெரிமென்டைக் கூடுதலாகச் சேர்க்கும்படி மாணவர் பேரவை ஆசிரியர்களிடம் கேட்க வேண்டும். நாமும் ரெக்கார்டைப் பார்த்து எழுதாமல், திரையைப் பார்த்து எழுதுவோம். அடங்கிய பிறகு வரும் கிராஃபைப் புத்தகமே சொல்லிவிடும். கிளம்பும் நொடியை நாம்தான் பார்க்க வேண்டும்!