கல்லை விற்ற ஊர்

காங்கேசன்துறை என்ற பெயர் கொழும்பில் ஒவ்வொரு நாளும் ஒலிக்கிறது. கோட்டை ரயில் நிலையத்தின் ஒலிபெருக்கி அதை அறிவிக்கிறது. வடபகுதி ரயிலின் முகப்பில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த ரயிலில் ஏறுகிறவர்களில் அதே ஊரில் போய் இறங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். யாழ்ப்பாண நிலையத்தோடு பெட்டிகள் அநேகமாக வெறிச்சோடிவிடும். மிச்சம் இருப்பவர்களும் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஒவ்வொருவராக இறங்கிப் போக, வண்டி கடலுக்குக் கிட்டப் போய் நிற்கும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை.

வெள்ளவத்தையில் யாரிடமாவது ஊர் கேட்டால் "கே.கே.எஸ்." என்று மூன்றெழுத்தில் பதில் வரும். கேட்டவரும் வடபகுதிக்காரர் என்றால் பேச்சு அதோடு நிற்காது. "கே.கே.எஸ்.சில எவடம் அண்ணை? சீமெந்துப் பக்கமோ, துறைமுகப் பக்கமோ?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். ஒரு காலத்தில் அந்த ஊரின் விலாசம் இந்த இரண்டுக்குள் அடங்கியது.

இன்று கடைசி நிலையமாக இருக்கும் காங்கேசன்துறை உண்மையில் வடக்கு ரயிலின் தொடக்க இடம். 1902 மார்ச்சில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான் அங்கே முதன்முதலாக ரயில் ஓடியது. தெற்கிலிருந்து வந்த பாதை அதோடு இணைந்து, கொழும்புவரை ஒரே தொடராக ஆனது 1905இல். யாழ்தேவி அதற்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது. அது ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில்.

பெயருக்கு ஒரு கதை உண்டு. குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் தீர்த்தமாடி முகம் மாறினாள், நன்றிக்கடனாக மாவிட்டபுரத்தில் கந்தசுவாமி கோயில் எழுந்தது, கோயிலுக்கான காங்கேயன் விக்கிரகம் தமிழகத்திலிருந்து வந்து இறங்கிய கயாத்துறையே காங்கேசன்துறை ஆனது என்பார்கள். வரலாற்றுக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டாலும், ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் முதற் செய்தியே ஒரு கப்பற்சரக்கு பற்றியது என்பது கவனிக்க வேண்டியது. இந்தக் கதையில் வரும் கீரிமலையும் சும்மா வரவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

ஊரைத் தொழில் நகராக்கியது கல். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் ஒரு சுண்ணக்கற் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பல இடங்களில் மேல்மண் முழங்கால் ஆழம்கூட இல்லை; மண்வெட்டி போட்டால் கல் முட்டும். தோட்டக்காரருக்குத் தலையிடியாக இருந்த இந்தக் கல்தான் சீமெந்துக்கு முதல் மூலப்பொருள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணக்கல் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. இரண்டையும் அரைத்துக் கலந்து, சுழலும் நீண்ட சூளைக்குள் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கிடைப்பது கிளிங்கர் என்ற கருஞ்சாம்பல் நிறக் கட்டி. அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக்கினால் சீமெந்து. பின்னாளில் காலியில் ருகுணு சீமெந்து ஆலை வந்தபோது, இங்கே சுட்ட கிளிங்கர் கப்பலேறித் தென்கரைக்குப் போய் அங்கே அரைபட்டது. தெற்கே எழும்பிய எத்தனையோ சுவர்களுக்குள் வலிகாமத்துக் கல் இருக்கிறது. அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

தொழிற்சாலை திறந்த அரசியற் சூழலும் சுவையானது. அப்போது கைத்தொழில் அமைச்சர் ஜி.ஜி. பொன்னம்பலம். காங்கேசன்துறைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரோ எஸ்.ஜே.வி. செல்வநாயகம். பொன்னம்பலம் அரசில் சேர்ந்ததை ஏற்காமல் பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். ஒருவர் கொள்கைக்காக வெளியே நிற்க, மற்றவர் அவருடைய தொகுதிக்குள்ளேயே புகைபோக்கியை எழுப்பினார். 1952 தேர்தலில் செல்வநாயகம் அந்தத் தொகுதியில் தோற்றார். வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன். சீமெந்துதான் காரணம் என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஊருக்குள் சம்பளம் வரத் தொடங்கியிருந்த நேரம் அது என்பதையும் ஒதுக்கிவிட முடியாது. 1956இல் செல்வநாயகம் திரும்ப வென்றார். 1972இல் புதிய குடியரசு யாப்பை எதிர்த்துப் பதவி துறந்தார். அரசாங்கம் இழுத்தடித்து 1975 பெப்ரவரியில் நடத்திய இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை 16,000க்கும் கூடுதலான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 1977இல் அதே தொகுதியிலிருந்து போன அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இலங்கைத் தமிழ் அரசியலின் பெரிய திருப்பங்களில் பலவற்றுக்கு இந்தச் சின்ன ஊரின் பெயர் ஒட்டியிருக்கிறது.

தொழிற்சாலை ஊர் என்றால் சங்கு, புகை, வேலைநேரம் இவை மட்டுமல்ல. நடிகமணி வி.வி. வைரமுத்து காங்கேசன்துறைக்காரர். அவருடைய வசந்தகான சபாவின் இசைநாடகங்களைப் பார்க்கக் கோயில் வெளியில் சனம் விடியவிடியக் குந்தியிருந்தது. மயான காண்டத்தில் அவர் அரிச்சந்திரனாக நின்று பாடியதைப் பற்றி இன்றும் கொட்டாஞ்சேனையில், வெள்ளவத்தையில், ரொறொன்ரோவில் முதியவர்கள் பேசுவார்கள். 1989இல் அவர் காலமானார். அடுத்த வருடம் ஊரே இல்லாமற்போனது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதோடு வெளியேறியது. ஜூன் 13க்குப் பிறகு யாழ்தேவி வடக்கே போகவில்லை. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. சீமெந்துச் சூளை அணைந்தது. வீடு, தோட்டம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. 1893இல் கட்டிய வெளிச்சவீடும் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போனது. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். சொந்த ஊர் சில மைல் தூரத்தில்தான், ஆனால் அதை ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு தலைமுறை.

ஊர் இல்லாவிட்டாலும் துறைமுகம் இயங்கியது. போருக்கு அது தேவைப்பட்டது. குடாநாட்டில் இருந்த படைக்குத் தரைவழி இல்லாதபோது கடல்வழிதான் உயிர்நாடி. 1995 ஜூலையில் கடற்படையின் எடித்தாரா கப்பல் இந்தத் துறைமுகத்தில் கடற்புலிகளின் தாக்குதலில் மூழ்கியது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை அடைபட்டதும், கொழும்புக்கு வரவேண்டிய பொதுமக்களும் இங்கிருந்து கப்பலேறித் திருகோணமலையில் இறங்கினார்கள். அப்படி வந்தவர்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இப்போதும் இருக்கிறார்கள். பாஸ் எடுக்க நின்ற வரிசையையும் கப்பலில் வாந்தியெடுத்த இரவையும் கேட்டால் சொல்வார்கள். காங்கேசன்துறைத் துறைமுகத்தை வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்ட யாழ்ப்பாணத்தவர் பலருக்கு அதுதான் சந்தர்ப்பம்.

போர் முடிந்தபின் விடுவிப்பு துண்டுதுண்டாக நடந்தது. 2015 ஜனவரியில் ரயில் காங்கேசன்துறையைத் தொட்டது. 2016இல் நடேஸ்வராக் கல்லூரி இருந்த நிலம் திரும்பக் கிடைத்தது. மயிலிட்டித் துறை 2017இல் மீனவருக்கு விடுபட்டது. மிச்சக் காணிகளுக்கு இன்றும் உறுதியோடு அலைகிறவர்கள் உண்டு. தையிட்டியில் தங்கள் நிலத்தில் கட்டிய விகாரையை எதிர்த்துக் காணிக்காரர் போராடுகிறார்கள். கடற்கரையின் நல்ல பகுதியில் இராணுவம் தல்செவன என்ற விடுதியை நடத்துகிறது. சொந்தக் கிணற்றைப் பார்க்க அனுமதி கேட்டு நின்ற சனத்தின் பக்கத்திலேயே, அறை முற்பதிவு செய்தவர் குளித்துவிட்டுப் போகலாம் என்ற நிலை வருடக்கணக்காக இருந்தது. இதை எந்த அரசும் கூச்சத்தோடு பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது எல்லோரும் பேசுவது கப்பலைப் பற்றி. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து செரியபாணி என்ற படகு வந்து சேர்ந்தது. பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. ஒரு வாரத்துக்குள் வடகீழ்ப் பருவக்காற்றைக் காட்டி அந்தச் சேவை நின்றது. 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற வேறொரு படகு ஓடத் தொடங்கியது; நவம்பரில் நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி ஓடியது. இது நிர்வாகத்தின் பிழை மட்டுமல்ல. காங்கேசன்துறை வடக்குப் பார்த்த துறை. வாடைக்காற்றுக் காலத்தில் அலை நேரே வந்து அடிக்கும். பழைய மீனவருக்கும் கப்பற்காரருக்கும் தெரிந்த சங்கதி, விழா மேடைக்குத் திகதி குறித்தவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

மூழ்கிய கப்பல்களின் சிதைவை இந்திய உதவியோடு அகற்றினார்கள். துறைமுகத்தைத் திருத்த 2018இல் 45.27 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்பந்தம் ஆனது. வருடங்கள் போயின. 2024இல், முழுச் செலவான 61.5 மில்லியன் டொலரையும் தானே நன்கொடையாகத் தருவதாக இந்தியா சொன்னது. கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடியில் நின்று கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைப் பார்க்கிறவருக்கு இந்தத் தொகை பெரிதாகப் படாது. அங்கே தென்பகுதித் துறைக்கு 18 மீற்றர் ஆழம். கொள்கலன் கப்பல்களில் மிகப் பெரியவையே உள்ளே வரும். காங்கேசன்துறை அந்தப் போட்டிக்கு ஆள் இல்லை, இருக்கவும் தேவையில்லை. நாகப்பட்டினமும் காரைக்காலும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. வெங்காயமும் பருப்பும் கட்டடப் பொருளும் கொழும்பு சுற்றி லொறியில் வராமல் நேரே இறங்கினால் குடாநாட்டுக் கடைக்காரருக்கு அதுவே போதும். சின்னத் துறைக்குச் சின்ன வேலையை ஒழுங்காகக் கொடுத்தால் அது பிழைத்துக்கொள்ளும்.

சிக்கல் கைத்தொழில் வலயப் பேச்சில் இருக்கிறது. மாங்குளம், பரந்தன், காங்கேசன்துறை ஆகிய மூன்று இடங்களிலும் முதலீட்டு வலயம் என்று அடுத்தடுத்து வந்த அரசுகள் அறிவித்திருக்கின்றன. வேலைவாய்ப்பு வரட்டும், அதை மறுக்கிறவர் இல்லை. ஆனால் அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு தொழிற்சாலை வந்துபோன அனுபவம் இருக்கிறது. அது விட்டுப்போன அடையாளம் உடைந்த கட்டடம் மட்டுமல்ல, கல் எடுத்த பெரும் பள்ளங்களும்தான். அவற்றில் இப்போது தண்ணீர் நிற்கிறது.

இங்கேதான் கீரிமலைக்குத் திரும்ப வேண்டும். கேணியின் மதிலில் ஏறி நின்றால் ஒரு பக்கம் பொடியன்கள் குதித்துக் குளிக்கும் ஊற்றுநீர், மறுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில் அலை அடிக்கும் உப்புக்கடல். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்கள் கடலில் முழுகி, கேணியில் தலையை அலசுவார்கள். வருடம் முழுக்க ஓடும் ஆறே இல்லாத குடாநாட்டில் இந்த நீர் எங்கிருந்து வருகிறது? மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே, தயிரின் மேல் ஆடை படிவதுபோல் மெல்லிசாகத் தங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் எல்லாம் அந்த ஆடையைத்தான் வழிக்கின்றன. கீரிமலையில் அது கடலோரத்தில் தானாக வெளியே வருகிறது. ஆகவே சீமெந்துக்கு வெட்டியது வெறுங்கல் அல்ல. அந்தக் கல்தான் குடாநாட்டின் தண்ணீர்த் தொட்டி. கடல்மட்டத்துக்குக் கீழே ஆழமாக வெட்டும்போது உப்பு உள்ளே வரும் வழி இலகுவாகிறது.

இந்தக் கல் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்காது; ஊற்றியதை எல்லாம் விழுங்கும். காங்கேசன்துறை வீதியில் இருக்கும் சுன்னாகத்தில், மின்நிலையத்துக் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை வந்தது. 2019 ஏப்ரலில் தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பானது. கிணற்றில் வாளியை விட்டு எண்ணெய்ப் படலத்தை அள்ளிய வீட்டுக்காரருக்குத் தீர்ப்பு வரும்வரை பவுசர் தண்ணீர்தான் கதி.

2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் அங்கே எடுக்கலாம். யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு என்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கட்டிய திட்டம் அது. காங்கேசன்துறை வலயத்துக்குக் காணி எவ்வளவு, வரிச்சலுகை எவ்வளவு என்று அறிவிப்புகளில் சொல்கிறார்கள். அங்கே வரப்போகும் ஆலைகளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், அது தாளையடிக் குழாயிலிருந்தா வலிகாமத்துக் கிணற்றிலிருந்தா, கழிவுநீர் எங்கே போகும் என்ற மூன்றையும் முதலாம் பக்கத்திலேயே எழுதச் சொல்லி வலிகாமம் வடக்குப் பிரதேச சபை கேட்க வேண்டும். திரும்பிவந்து கிணறு இறைத்துச் சுத்தம் செய்து, வெங்காயமும் புகையிலையும் நடத் தொடங்கியிருக்கும் தோட்டக்காரர் அந்தச் சபையின் வாக்காளர்கள்.